தடித்த எழுத்து எவர்க்கு?

விருதுநகரிலிருந்து சாத்தூர் நோக்கிச் செல்லும் பெருவழியில் இருப்பது சூலக்கரை. வழிப்போக்கர்க்கு அஃது ஒரு பேருந்து நிறுத்தம். தமிழ்நாட்டு வரலாறு அறிந்தவர்க்கு அஃது ஒரு வேள்விக்களம். இந்தச் சூலக்கரை மேட்டில்தான் 1956 சூலை 27-ஆம் நாள் ஈகி சங்கரலிங்கனார் தம் உண்ணாநோன்பைத் தொடங்கினார். அவர் முன்வைத்த கோரிக்கைகள் பன்னிரண்டு. அவற்றுள் தலையாயது, சென்னை மாநிலம் என்னும் பெயர் ஒழிந்து தமிழ்நாடு என்னும் பெயர் வரவேண்டும் என்பது. பின்னர் நோன்பு விருதுநகர்த் தேசபந்து திடலுக்கு மாறியது. 76 நாள் உண்ணாதிருந்து உடல் உருகி, அக்டோபர் 13-ஆம் நாள் மதுரை மருத்துவமனையில் அவர் உயிர்நீத்தார். அவர் கேட்ட பெயர்க்குச் சட்டமன்றம் 1967 சூலை 18-இல் தீர்மானம் இயற்றிற்று. 1969 சனவரி 14-இல் அது நடைமுறைக்கு வந்தது.

ஒரு பெயர்க்காக ஒருவர் பட்டினி கிடந்து மாண்டார். அந்தப் பெயர் கிடைத்துவிட்டது. கிடைத்த பெயரை எந்த எழுத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள் என்று எவரேனும் உற்றுப் பார்த்ததுண்டா? கடைத்தெருவின் பலகைகளைப் பார்க்க. பேருந்தின் நெற்றியைப் பார்க்க. பட்டாசுப் பெட்டியைப் பார்க்க. ஆங்கிலம் தோள் விரித்து நிற்கிறது. தமிழ் அதன் அருகே ஒடுங்கி, மெலிந்து, இடம் கேட்டு வந்த ஏழை உறவினனைப்போல் ஓரமாய் நிற்கிறது. எழுத்தில் என்ன இருக்கிறது, மொழியன்றோ பெரிது என்பார் உளர். அவர்க்கு ஒன்று சொல்லலாம்: வணிகன் அவ்வாறு எண்ணுவதில்லை. தன் பெயரை எந்த எழுத்தில் போட்டால் கண் நிற்கும் என்பதற்கு அவன் பணம் செலவிடுகிறான். தமிழன்தான் எழுத்துக்கு உடலுண்டு, எடையுண்டு, குணமுண்டு என்பதை மறந்து போனான்.

இங்குப் பேசப்புகுவது ஒருவகை எழுத்தைப் பற்றி. மேலைநாட்டார் பெயர்ப்பலகைக்கும் நூலின் முகப்புக்கும் பெட்டியின் மேலட்டைக்கும் விரும்பி எடுத்தாளும் எழுத்து அது. அதன் கோடு தடித்தது. ஆயினும் அளவுகோல் வைத்து இழுத்த கோடு அன்று. நடுவில் சற்றே ஒடுங்கி, இரு முனையிலும் மெல்ல அகன்று முடியும். நெல் குற்றும் கல்லுரலைப் பக்கவாட்டில் நின்று பார்த்தால் இடுப்புச் சிறுத்து அடியும் தலையும் பரந்து தெரியுமன்றோ, அவ்வாறு நிற்கும். இதனை முனைவிரி எழுத்து என்று வழங்கலாம். நூல்களில் ஓடும் உரோம எழுத்துக்கு முனையில் தனிக்கட்டு உண்டு. ஆணிக்குத் தலை வைத்ததுபோல் தெரியும். முனையிலா எழுத்துக்கு ஒன்றுமே இல்லை. வெட்டிய கம்பியைப்போல் முடியும். முனைவிரி எழுத்து இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. கோடே வளர்ந்து முனையாகிறது. அதனால்தான் அது தடித்திருந்தும் முரடாகத் தோன்றுவதில்லை. கம்பியெழுத்துத் தடித்தால் சுவர் ஆகிவிடும். முனைவிரி எழுத்துத் தடித்தால் உழைத்துத் திரண்ட கைபோல் தெரியும். அதில் ஒரு வெம்மை இருக்கிறது. ஒரு மாந்தன் எழுதினான் என்னும் தடம் அந்த விரிவில் இருப்பதே அவ்வெம்மைக்கு ஏது.

இது எங்கிருந்து வந்தது? உரோமைப் பேரரசன் திராயான் எழுப்பிய தூணின் அடிக்கல்லில், கி.பி. 113-ஐ ஒட்டி வெட்டப்பட்ட எழுத்துகள் மேலையெழுத்துக்கெல்லாம் அளவுகோலாகப் போற்றப்படுபவை. முனை அகல்வது உளியின் வேலை என்றே நெடுங்காலம் நம்பினர். எட்வர்டு காட்டிச்சு என்னும் அமெரிக்கப் பாதிரியார் 1968-இல் ஒரு நூல் எழுதி அந்நம்பிக்கையை அசைத்தார். கல்தச்சன் வெட்டுமுன் எழுத்தன் ஒருவன் பட்டைத் தூரிகையால் கல்லின்மேல் எழுதினான். தூரிகை ஊன்றும் இடத்திலும் எடுக்கும் இடத்திலும் கோடு அகன்றது. உளி அதைப் பின்தொடர்ந்தது என்பது அவர் முடிபு. அவர் இதைக் கண்டது எப்படி? அவரே இளமையில் கடைப்பலகை எழுதிப் பிழைத்தவர். நூலகத்தில் இருந்த அறிஞர்க்குத் தெரியாதது பலகை எழுதிய கைக்குத் தெரிந்தது. இச்செய்தியை நினைவில் வைக்க, பின்னர் வேண்டும்.

இருபதாம் நூற்றாண்டில் இவ்வெழுத்து அச்சுக்கு வந்தது. செருமனியில் பிறந்து இட்லர் ஆட்சியில் இங்கிலாந்துக்குப் போன பெர்தோல்டு ஊல்ப்பே என்பவர், வெண்கலப் பட்டயங்களில் புறத்தை வெட்டி எழுத்தைப் புடைக்கச் செய்யும் தொழில் பயின்றவர். அந்தப் புடைப்பெழுத்திலிருந்து 1930-களில் அவர் வடித்ததே ஆல்பர்டசு. இலண்டன் மாநகரின் பழைய நடுப்பகுதியில் தெருப்பெயர்ப் பலகைகளில் அது நிற்கிறது. எர்மன் சாப்பு என்னும் செருமானியர் 1950-இல் புளோரன்சு நகர்க் கோயிலொன்றின் தரையில் கல்லறைப் பலகைகளைக் கண்டார். வரையத் தாள் இல்லை; கையிலிருந்த இத்தாலியப் பணத்தாளின்மேலேயே அவ்வெழுத்துகளை வரைந்து கொண்டார். அதிலிருந்து 1958-இல் வந்தது ஆப்டிமா. முன்னதைவிட மெலிந்தது, ஆயினும் அதே குலத்தது. வாசிங்டனில் 1982-இல் எழுப்பிய வியட்நாம் போர் நினைவுச் சுவரில் மாண்ட படைஞர் 58,000-க்கு மேற்பட்டோர் பெயர்கள் அவ்வெழுத்தில்தான் பொறிக்கப்பட்டுள்ளன. அப்போர் அறமா என்பது வேறு வழக்கு. தன் மாண்டாரின் பெயரை எந்த எழுத்தில் வெட்டுவது என்று ஒரு நாடு எண்ணிப் பார்த்தது என்பதே இங்குக் கருதத் தக்கது. மொழிக்கு மாண்ட தமிழர்க்கும் ஊர்தோறும் கல் நாட்டியிருக்கிறார்கள். அவற்றிற்கென ஓர் எழுத்து வேண்டும் என்று எண்ணியவர் எத்தனை பேர்? பெரும்பாலும், கல்வெட்டுக் கடைக்காரரின் கணினியில் அன்று எது இருந்ததோ அது.

இனிச் சிவகாசிக்கு வருக. 1922-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்று மீண்டு, மறு ஆண்டில் இங்கு அதைத் தொடங்கினர். தீப்பெட்டிக்கு மேலொட்டுத் தாள் வேண்டும். அதனால் கல்லச்சு வந்தது. பின் மறுதோன்றி அச்சு வந்தது. பட்டாசுக்கு அட்டை வேண்டும், நாட்காட்டிக்குப் படம் வேண்டும், அச்சகங்கள் பெருகின. மழை குறைந்த கரிசல் மண்ணில் தமிழன் தன் உழைப்பால் எழுப்பிய தொழில் இது. அதைக் குட்டிச் சப்பான் என்று புகழ்வார் உளர். புகழட்டும், ஆனால் சப்பானியன் தன் தீப்பெட்டியில் தன் எழுத்தைப் பெரிதாய்ப் போட்டான் என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும்.

சிவகாசியின் பட்டாசு அட்டையில் அந்த வெம்மையான, தடித்த, முனை விரிந்த எழுத்து ஏராளமாய் உண்டு. மஞ்சளும் சிவப்பும் குழைத்து, கருங்கோட்டால் வரம்பு கட்டி, தீப்பொறி தெறிக்க அது நிற்கும். எல்லாம் ஆங்கிலத்துக்கு! கம்பி மத்தாப்பு, தரைச்சக்கரம், புசுவாணம், சாட்டை, ஓலைவெடி, ஊசிவெடி, சரவெடி, பாம்பு மாத்திரை என்று குழந்தையின் வாயில் இனிக்கும் பெயர்கள் இருக்க, 'பிளவர் பாட்சு' என்றும் 'கிரவுண்டு சக்கர்' என்றும் ஆங்கில எழுத்து அட்டை முழுதும் அமர்ந்திருக்கிறது. தமிழ்ப்பெயர் இருந்தால் அது பக்கவாட்டு மடிப்பில் இருக்கும். தமிழை முகப்பில் இடும் அட்டைகளும் இல்லாமல் இல்லை. அவை விரல்விட்டு எண்ணத் தக்கவை. மருந்து இடிப்பவன் தமிழன்; குழல் சுருட்டுபவள் தமிழச்சி; அட்டையை அச்சிடுபவன் தமிழன்; அட்டையில் மட்டும் தமிழுக்கு இடமில்லை.

நாட்காட்டியையும் பார்க்க. நாள்தோறும் கிழிக்கும் தாளில் நடுவே ஆளுயர் எண் ஒன்று. அடி அகன்று, வயிறு திரண்டு, சுவரின் மறுகோடியிலிருந்தும் தெரியும். அதற்கு அத்தனை உடல். தமிழ்த் திங்களும் நாளும் திருவள்ளுவர் ஆண்டும் மூலையில் எறும்புபோல் ஊரும். கண்ணாடி அணிந்த பெரியவர் தாளைக் கிழித்துக் கையிலேந்திச் சன்னலருகே கொண்டுபோய்ப் படிக்க வேண்டும்.

சட்டம் இல்லாமலா இருக்கிறது? கடைப் பெயர்ப்பலகையில் தமிழுக்கு 5 பங்கு, ஆங்கிலத்துக்கு 3 பங்கு, பிறமொழிக்கு 2 பங்கு என்று அரசு அளவு வகுத்திருக்கிறது. போராடிப் பெற்ற அளவு. அதைக் குறை கூறுவதற்கில்லை. ஆயின் அளவு பரப்புக்குத்தான்; எழுத்தின் எடைக்கு அன்று. ஐந்து பங்கு இடத்தைத் தமிழுக்குக் கொடுத்து, அதில் நூல்போன்ற மெல்லெழுத்தை இட்டு, மூன்று பங்கு இடத்தில் ஆங்கிலத்தைக் கருகருவென்று தடித்து எழுதினால் கண் எங்கே போகும்? அளவுநாடா சட்டத்தின் பக்கம். கண்ணோ ஆங்கிலத்தின் பக்கம். சட்டத்தை மீறாமலே சட்டத்தைக் கொன்ற கலை இது. அதனினும் கொடிது, கணினியில் தமிழெழுத்தைப் பக்கவாட்டில் இழுத்து ஐந்து பங்கை நிரப்புவது. நிமிர்ந்த கோடு தடிக்கும், கிடந்த கோடு மெலியும், வளைவு உடையும். வீக்கத்தை வளர்ச்சி என்று பலகை ஏற்றுகிறார்கள்.

இதற்கு அச்சகத்தார் ஒரு விடை வைத்திருக்கிறார்கள். தமிழெழுத்துத் தடிப்பைத் தாங்காது என்பர். சுழி மிகுதி, மை அடைத்துக் கொள்ளும், படிக்க வராது, ஆங்கிலத்துக்கு நிமிர்ந்த தூணும் அகன்ற வெளியும் இருப்பதால் எவ்வளவும் தடிக்கலாம் என்பர். இதனைத் தள்ளிவிடுதல் கூடாது. இதில் பாதி உண்மை.

ண என்பதில் மூன்று சுழி. ன என்பதில் இரண்டு. அதனாலன்றோ பள்ளியில் மூன்றுசுழி, இரண்டுசுழி என்று குழந்தைகட்குச் சொல்லித் தருகிறார்கள். மை அடைத்தால் மூன்றும் இரண்டும் ஒன்றாகும். மணம் மனம் ஆகும். பணி பனி ஆகும். ஊண் ஊன் ஆகிவிடும், உணவு இறைச்சியாகும்! புள்ளியும் அப்படியே. தடித்த எழுத்தின் தலையோடு ஒட்டிக் கொண்டால் மெய் உயிர்மெய் ஆகிவிடும். புள்ளி தவறினால் சொல்லே தவறும் மொழி இது. ஓலையில் எழுதிய முன்னோர் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று அதை விடுத்தனர். படிப்பவன் அறிவால் நிரப்பிக் கொண்டான். கடைப்பலகையை ஓடும் பேருந்திலிருந்து படிப்பவனிடம் அந்த ஓய்வை எதிர்பார்த்தல் ஆகாது.

ஆனால் அடைப்பது எழுத்தின் குற்றமா, எழுத்தை வடித்தவனின் குற்றமா? இன்று பெரும்பாலும் தடித்த தமிழ் எனப்படுவது வடித்தது அன்று, வீங்கியது. மெல்லெழுத்து ஒன்றை எடுத்துக் கணினியில் தடி என்று ஏவினால், அது எல்லாப் புறமும் ஒரே அளவு தோல் பூசும். சுழியின் உள்ளும் பூசும், வெளியிலும் பூசும். அடைக்காமல் என் செய்யும்? முறையாக வடிப்பவன் அவ்வாறு செய்யான். வெளி வளைவில் எடை வைப்பான். சுழி உள்ளே புகும் இடத்தில் கோட்டை ஒடுக்குவான். சுழியின் கண்ணைத் திறந்து வைப்பான். ண போன்ற எழுத்துக்கு அகலம் கூட்டுவான். புள்ளியை உயர்த்தி, உருண்டையாய்த் தனித்து நிறுத்துவான். ஒடுங்கும் இடமும் அகலும் இடமும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும் என்பதே முனைவிரி எழுத்தின் இலக்கணமன்றோ? ஆகவே சுழி மிக்க தமிழுக்குத் தடித்த எழுத்து வேண்டின், எங்கும் ஒரே தடிப்பான கம்பியெழுத்தைவிட இந்த முனைவிரி எழுத்தே மிகப் பொருந்தும். கோடு சுழிக்குள் மெலிந்து நுழையலாம். வெளியே வந்து முனையில் அகன்று நிற்கலாம். எதிர்ப்பாளர் சொல்லும் குறையே அவ்வெழுத்துக்கு வழி காட்டுகிறது.

அச்சுத்தொழில் அறிந்தவர்க்கு இன்னொன்றும் தெரியும். பட்டாசு அட்டை நான்கு வண்ணத்தில் ஓடுவது. வண்ணப் படத்தின் நடுவே எழுத்தை வெள்ளையாய் விட்டால், நான்கு வண்ணத் தகட்டிலும் அந்த இடம் ஒழிவாய் இருக்க வேண்டும். தகடு ஒரு மயிரிழை நகர்ந்தாலும் அடுத்த வண்ணம் எழுத்துக்குள் கசியும். மெல்லிய தமிழெழுத்து அங்கேயே மடியும். முதலில் மறைவது புள்ளி. தடித்த எழுத்தோ ஒரு மயிரிழையை இழந்தும் நிற்கும். எனின், மெலிந்த எழுத்தைத் தமிழுக்கு ஒதுக்கும் அச்சகத்தான் மொழிக்கு மட்டுமன்று, தன் தொழிலுக்கே பிழை செய்கிறான்.

தமிழ் அச்செழுத்து மெலிந்ததற்கு வரலாறும் உண்டு. 1578-இல் கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கம் 16 பக்க நூல். அன்றே தமிழ் உலோகத்தில் ஏறிவிட்டது. 1713-இல் தரங்கம்பாடிக்குச் செருமனியின் ஆல்லே நகரிலிருந்து தமிழெழுத்துகள் வந்தன. அவை பெரியவை, தாள் மிகுதியாய்த் தின்றன. தாளோ கடல் கடந்து வரவேண்டிய பொருள். ஆகவே எழுத்தைச் சிறிதாக்கி வார்த்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னை அமெரிக்க மிசன் அச்சகத்தில் அண்டு என்பவர் எழுத்துகளை மேலும் நுணுக்கினார். 1862-இல் வந்த வின்சுலோ அகராதி அவ்வாறு அச்சானது. அவர் செய்தது பெரும்பணி, ஐயமில்லை. ஆனால் இந்நெடுகிலும் எண்ணப்பட்டது நூலின் உள்ளெழுத்து. தாளில் எத்தனை வரி கொள்ளும் என்னும் கணக்கு. தெருவில் தலைநிமிர்ந்து நிற்கும் எழுத்து அக்கணக்கில் இல்லை.

அப்படியாயின் தமிழனிடம் தடித்த, முனை விரிந்த எழுத்து இருந்ததே இல்லையா? இருந்தது. இரண்டிடத்தில் இருந்தது.

ஒன்று கல்லில். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தைச் சுற்றி வருக. இராசராசன் காலத்து எழுத்தில் நிமிர்ந்த கோடுகளின் தலை உளியின் வாயால் சற்று அகன்று தொடங்குவதைக் காணலாம். ஓலைக்கு எழுத்தாணி, அது எங்கும் ஒரே கீறல்தான் கீறும். கல்லுக்கு உளி, அதற்கு அகலமும் ஆழமும் உண்டு. தமிழெழுத்தென்றால் ஓலையெழுத்து மட்டுமே என்று எண்ணி அதற்கு எடை இயல்பன்று என்பவர் கோயிற்சுவரை மறந்தவர்.

மற்றொன்று தெருச்சுவரில். தமிழ்நாட்டில் கட்சிக்குச் சுவரெழுதிய கலைஞர்களை நினைத்துப் பார்க்க. சுண்ணாம்படித்த சுவரில் நூல்பிடித்துக் கோடிட்டு, பட்டைத் தூரிகையைக் கறுப்பிலும் சிவப்பிலும் தோய்த்து, ஏணிமேல் நின்று இரவெல்லாம் எழுதினர். தூரிகையை ஊன்றும்போது முனை அகன்றது. வளைவில் திருப்பும்போது ஒடுங்கியது. எடுக்கும்போது மீண்டும் அகன்றது. ப-வின் இரு தோளும் ட-வின் நிமிர்ந்த தலையும் ய-வின் முனைகளும் உரல்போல் விரிந்து நின்றன. உரோமைத் தூணுக்கு எழுதியவனும் இதே பட்டைத் தூரிகையால்தான் எழுதினான் என்று காட்டிச்சு காட்டியது முன்னர்ச் சொல்லப்பட்டது. மேலையுலகம் அந்தத் தூரிகைக் கோட்டைக் கல்லில் வெட்டி, உலோகத்தில் வார்த்து, இன்று கணினியில் ஏற்றிப் பேணுகிறது. தமிழன் தன் தூரிகைக் கோட்டின்மேல் அடுத்த தேர்தலுக்குச் சுண்ணாம்பு அடித்தான். பின்னர்ப் பிளக்சு எனப்படும் நெகிழிப் பதாகை வந்தது. ஏணியும் தூரிகையும் மூலைக்குப் போயின. எழுத்தறிந்த கைகள் வேறு கூலி தேடிப் போயின. சிவகாசி அச்சகங்களில் கையால் எழுத்து வரைந்த ஓவியர்களின் நிலையும் இதுவே. அவர் வரைந்த தமிழ்த் தலைப்புகள் பழைய நாட்காட்டிகளிலும் தீப்பெட்டித் தாள்களிலும் சிதறிக் கிடக்கின்றன. தீப்பெட்டித் தாளைச் சேர்ப்போர் படத்துக்காகச் சேர்க்கிறார்களே அன்றி, எழுத்துக்காகச் சேர்ப்பவர் அரியர்.

1952-இல் பெரியார் தொடர்வண்டி நிலையங்களில் இந்தி எழுத்தைத் தார்பூசி அழிக்கச் சொன்னார்; அழித்தார்கள். அஃது ஆண்மை. ஆனால் பிறர் எழுத்தை அழிக்க ஒரு வாளித் தாரும் ஓர் இரவும் போதும். தன் எழுத்தை வடிக்க ஆண்டுகள் வேண்டும்; அதற்குத்தான் ஆளில்லை. எழுத்துச் சீர்திருத்தத்துக்கும் அவரே 1935-இல் குடியரசு இதழில் வழி திறந்தார். 1978 அக்டோபரில் அரசு அதை ஆணையாக்கிற்று. ணை, லை போன்றவற்றின் தலையில் இருந்த துதிக்கை ஒழிந்ததும் றா, னா போன்றவை பிரிந்து நின்றதும் தடித்த எழுத்து வடிப்பார்க்கு எளிமை செய்தன. பாதி வேலையை ஆணை செய்து கொடுத்தும், மீதி வேலையைச் செய்ய அச்சுத் தொழிலின் தலைநகர் என்று தன்னைச் சொல்லிக் கொள்ளும் ஊர் முன்வரவில்லை.

முன்வந்தவர் யார்? மலேசியாவின் முத்து நெடுமாறன் தம் முயற்சியால் கணினிக்குத் தமிழெழுத்துகள் வடித்தார். இலங்கையின் தாரிக்கு அசீசு கவிவனார், பவனம் என்று எழுத்துருக்கள் செய்து எவரும் இலவசமாய் எடுக்க விட்டார். தடித்து உருண்ட பலூ தம்பி என்னும் தமிழெழுத்து மும்பையிலிருந்த எழுத்துருக் குழுவினரிடமிருந்து வந்தது. மும்பையிலிருந்து! அவரை இகழ்வதற்கன்று இது, அவர்க்கு நன்றி. வெட்கம் இங்குள்ளார்க்கு. ஆயிரக்கணக்கில் அச்சுப்பொறிகள் ஓடும் நிலத்தில், ஓர் அச்சக முதலாளியின் ஓர் ஆண்டுத் தாள்கழிவின் விலையில் ஓர் எழுத்துக் குடும்பத்தையே வடித்திருக்கலாம்.

வடிப்போர்க்கு ஓர் எச்சரிக்கையும் தேவை. ஆங்கில முனைவிரி எழுத்தை உடைத்து அதன் துண்டுகளால் தமிழைக் கட்டுதல் கூடாது. இது பெருகி வரும் தீமை. அவர் எழுத்தில் நேர்க்கோடும் கிடைக்கோடும் சேரும் மூலையை வெட்டி ட என்பர். கிண்ணம்போன்ற எழுத்தை எடுத்து ப என்பர். வளையத்தை அறுத்து க-வுக்கு வால் செய்வர். பார்வைக்கு ஒற்றுமை இருக்கும். படித்தால் தமிழ் சொல்லும். பார்த்தால் ஆங்கிலம் தெரியும். சட்டையை மாற்றிய வேற்றான்! தமிழில் கோடு எங்கே தொடங்கி எங்கே திரும்பி எங்கே முடிகிறது என்பது கைக்குத் தெரியும். விரிவு அம்முனைகளில் வரவேண்டும். ஆங்கிலத் தூணுக்கு அடியிலும் தலையிலும் விரிவு வருவதால் தமிழ்க் கோட்டுக்கும் இரண்டிடத்தும் வரவேண்டும் என்னும் கட்டாயம் இல்லை. ஞ-வும் ஐ-யும் சுருண்டு முடிபவை. அவற்றின் வாலில் ஆப்பு அடித்தால் பாம்புக்குச் செருப்பு மாட்டியதாகும்.

எங்கே இதனை ஆள்வது என்பதிலும் தெளிவு வேண்டும். இது தலைப்புக்குரியது, பலகைக்கு, முகப்பட்டைக்கு, நினைவுக்கல்லுக்கு, ஊர்ப்பெயருக்கு உரியது. நான்கைந்து சொல் நிற்கும் இடத்தில் இதன் வெம்மை நிறையும். பத்தி பத்தியாய் ஓட விட்டால் படிப்பவனுக்குக் கண் எரியும். திருமண அழைப்பிதழ் முழுதும், தாத்தன் பெயர் முதல் பேருந்து வழி வரை, தடித்த எழுத்திலேயே அடிப்பவர் ஒருவரையும் தடித்துக் காட்டாதவர் ஆகிறார். இயக்கத் தோழர்களின் துண்டறிக்கைகளையும் விட்டுவைத்தற்கில்லை. தூய தமிழில் எழுதி, அதைக் கிடைத்த எழுத்திலெல்லாம் கலந்து அடித்து, வரிக்கு ஒரு வியப்புக்குறி வைத்தால் தமிழ் வாழுமா? பிறமொழிச் சொல்லைக் களையும் கண், பிழைபட்ட எழுத்தைக் களையாதது ஏன்?

வடநாட்டுச் சந்தைக்குப் போகும் சரக்கில் தமிழ் எதற்கு என்று கேட்கும் வணிகர்க்கும் விடை உண்டு. அட்டையை அடிக்கடி மாற்ற இயலாது என்பது அவர் வழக்கமான பேச்சு. 2018 அக்டோபர் 23-இல் உச்சநீதிமன்றம் மாசு குறைந்த பட்டாசுகளையே விடவேண்டும் என்று தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டே பசுமைப் பட்டாசு முத்திரை வந்தது, அட்டைகள் மாறின. எந்த அச்சுப்பொறியும் உடைந்துவிடவில்லை. ஆணைக்கு மாறும் அட்டை அன்புக்கு ஏன் மாறாது? வடநாட்டுக்குப் போவதில் ஆங்கிலமோ இந்தியோ இருக்கட்டும். திருநெல்வேலிக்கும் தஞ்சைக்கும் போவதிலும் அதுவே இருப்பது எந்தச் சந்தை முறை?

இவை எல்லாவற்றினும் முந்தியது ஒன்றுண்டு. பட்டாசு ஆலையில் ஒவ்வோர் அறையின் முகப்பிலும், உள்ளே எத்தனை பேர் இருக்கலாம், எவ்வளவு மருந்து இருக்கலாம் என்று எழுதி வைக்கும் முறை உண்டு. 2012 செப்டம்பர் 5-இல் முதலிப்பட்டியில் நிகழ்ந்த வெடியில் முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். 2021 பிப்ரவரியில் அச்சங்குளத்தில் மீண்டும் சாவு. எழுத்துத் தடித்திருந்தால் அவை நேர்ந்திரா என்று சொல்வது பொய். அவற்றிற்கு ஏதுக்கள் வேறு, அவை வழக்குமன்றத்துக்கு உரியவை. ஆயினும் உயிரைப் பற்றிய எழுத்து எந்த உருவில் இருக்க வேண்டும் என்பதில் எவர்க்கும் கருத்து வேறுபாடு இருக்க முடியாது. தொலைவிலிருந்தும் தெரிய வேண்டும். மருந்துத் தூள் படிந்தாலும் சுழி அடையாது நிற்க வேண்டும். மூன்றெழுத்துப் படித்த அம்மையும் முதற்பார்வையில் படிக்க வேண்டும். தமிழில் இருக்க வேண்டும். பெட்டியின் பக்கவாட்டில் குண்டூசித் தலையளவில் ஆங்கிலத்தில் அச்சிடும் எச்சரிக்கையும் அப்படியே. திரியைப் பற்றவைத்து விலகி நில் என்னும் நான்கு சொல்லைத் தீபாவளி நாளில் பத்து அகவைச் சிறுவன் படிக்க வேண்டுமென்றால், அட்டையின் முகப்பில் வணிகப் பெயர்க்குக் கொடுத்த அதே தடித்த எழுத்தில், அவன் தாய்மொழியில் அதனைப் போடுக.

சிவகாசி அச்சக உரிமையாளர் சங்கங்கள் கூடிப் பேசும் பொருள்கள் பல. தாள்விலை, மின்கட்டணம், வரி. அவற்றோடு இதனையும் வைக்கலாம். பழைய தீப்பெட்டித் தாள், நாட்காட்டித் தலைப்பு, சுவரெழுத்தின் ஒளிப்படம் ஆகியவற்றைத் திரட்டுக. ஏணி ஏறி எழுதிய கலைஞர்களுள் இன்னும் இருப்பவரை அழைத்துப் பட்டைத் தூரிகையைக் கொடுத்து 247 எழுத்தையும் எழுதச் சொல்க. கணினி கற்ற இளைஞர் இருவரை அவரருகே அமர்த்துக. வந்த எழுத்தை விற்காமல் எல்லார்க்கும் விடுக. முதற்படியைச் சூலக்கரை மேட்டுக்குக் கொண்டுசென்று, தமிழ்நாடு என்னும் ஐந்தெழுத்தை அதில் எழுதி நிறுத்துக.